ஃப்ளோரன்ஸில் ஒரே ஒரு பகல்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ரோமில் மூன்று நாள், வெனிஸில் இரண்டு நாள், நடுவே ஃப்ளோரன்ஸுக்கு ஒரு பகல். நம்மவர்களின் இத்தாலிப் பயணத் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. ரோமிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், வெனிஸிலிருந்து இரண்டேகால் மணி நேரம். காலையில் இறங்கி இரவு ரயிலேறிவிடலாம் என்ற கணக்கில் தவறில்லை. கையில் ஒன்பது மணி நேரம் இருக்கும். சாப்பாடு, நடை, வரிசை, கொஞ்சம் காலாற உட்காரும் நேரம் எல்லாம் போக, நின்று பார்ப்பதற்கென்று மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம்.

அந்த ஐந்தாறு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது? கேட்கிறவர்கள் எல்லோரும் மூன்று பெயர்களோடு வருகிறார்கள்: உஃபீஸி அருங்காட்சியகம், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, துவோமோ என்று ஊரார் அழைக்கும் பேராலயத்தின் குவிமாடம். மூன்றையும் ஒரே நாளில் அடக்கிவிடலாமா என்பார்கள். முன்பதிவு நேரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் அடக்கலாம். அப்படி அடக்கியவர்கள் சாயங்காலம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காலையில் பார்த்த ஓவியமும் மதியம் பார்த்த ஓவியமும் மனதில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் களைப்பு முகத்தில் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் உஃபீஸியை விடுங்கள். அசைக்க முடியாதவற்றைப் பாருங்கள். இந்த ஊரின் மிகச் சிறந்த ஓவியங்களில் பாதி இன்னும் தாம் வரையப்பட்ட சுவரிலேயே இருக்கின்றன. அவற்றை எந்த உலகச் சுற்றுக் கண்காட்சியும் உங்கள் ஊருக்குக் கொண்டுவராது. அந்தச் சுவர்கள், அந்தக் கட்டடங்கள்: ஃப்ளோரன்ஸுக்கு வந்தால் மட்டுமே கிடைப்பவை அவைதான். இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

உஃபீஸியும் டேவிடும்

உஃபீஸியை விடச் சொல்கிறவன் அதன் பெருமையை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். 1560-ல் ஃப்ளோரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ டி மெடிச்சி அரசு அலுவலகங்களுக்காக, ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஜோர்ஜோ வசாரியைக் கொண்டு கட்டத் தொடங்கிய கட்டடம் இது. அதன் மேல்தளத்தில் மெடிச்சி குடும்பத்தின் கலைச் சேகரிப்பு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா. 1737-ல் அவர் ஓர் ஒப்பந்தம் எழுதினார்: அடுத்து ஆள வரும் வம்சம் இந்தச் செல்வத்தில் எதையும் ஃப்ளோரன்ஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆட்சி கைமாறும்போது அரண்மனைச் சொத்தும் சேர்ந்து கிளம்பிவிடுகிற காலம் அது. ஓவியங்கள் வியன்னாவுக்கு வண்டியேறாமல் இங்கேயே தங்கியது அந்தப் பெண்மணியின் ஒப்பந்தத்தால்தான். இந்த ஊரில் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவருக்குச் சொல்வேன்.

உள்ளே தொடக்கத்திலேயே ஓர் அறையில் மூன்று பெரிய மாதா ஓவியங்கள் நிற்கின்றன. சிமாபுவே வரைந்தது ஒன்று, துச்சோ 1285-ல் வரைந்தது ஒன்று, ஜியோட்டோ 1310-ஐ ஒட்டி வரைந்தது ஒன்று. மூன்றிலும் தங்கப் பின்னணி, அரியணை, தேவதூதர்கள். ஆனால் ஜியோட்டோவின் மாதாவுக்கு மட்டும் உடல் கனம் உண்டு. ஆடைக்குள் முழங்கால் இருப்பது தெரியும். உட்கார்ந்திருக்கிறார் என்று நம்ப முடியும். ஐரோப்பிய ஓவியம் திரும்பிய திருப்பத்தை இவ்வளவு பளிச்சென்று காட்டுகிற அறை வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத் தாண்டினால் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் உர்பினோ கோமகனும் அவர் மனைவியும் பக்கவாட்டு முகங்களாக எதிரெதிரே. பிறகு போட்டிச்செல்லியின் ‘வசந்தம்’, ‘வீனஸின் பிறப்பு’. பிறகு லியனார்டோ, மைக்கலாஞ்சலோ, ரஃபேல். கீழ்த்தளத்தில் காரவாஜோ, ஆர்த்தெமிசியா ஜென்டிலெஸ்கி.

சிக்கலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக உஃபீஸியைப் பார்ப்பதில் பொருளில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் ஜியோட்டோவும் போட்டிச்செல்லியும் உங்கள் கவனம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். ‘வீனஸின் பிறப்பு’ முன்னால் கைபேசிகள் உயர்ந்து நிற்கும் கூட்டத்தில் இடம் பிடித்து, நின்று, வெளியே வருவதற்குள் கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். காரவாஜோவிடம் போய்ச் சேரும்போது ‘சரி, இதையும் பார்த்தாயிற்று’ என்ற மனநிலைதான் மிச்சமிருக்கும். அந்த ஓவியத்துக்கு அது நியாயமில்லை.

டேவிட் இருப்பது உஃபீஸியில் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அது அக்காதேமியா அருங்காட்சியகத்தில், உஃபீஸியிலிருந்து கால் மணி நேர நடைதூரத்தில் இருக்கிறது. இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். வேறொரு சிற்பி தொடங்கிக் கைவிட்டு, பேராலய முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் பல பத்தாண்டுகள் கிடந்த பளிங்குப் பாறை அது. அகலம் போதாத அந்தக் கல்லில் 1501 முதல் 1504 வரை வேலை செய்து 5.17 மீட்டர் உயரச் சிலையை எடுத்தபோது மைக்கலாஞ்சலோவுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யக் கூடிய குழுவில் லியனார்டோவும் போட்டிச்செல்லியும் இருந்தார்கள். பேராலயத்தின் உச்சிக்கென்று நினைத்ததை, நகர மன்றத்தின் வாசலில், சின்யோரியா சதுக்கத்தில் நிறுத்தினார்கள். 1873-ல் பாதுகாப்புக்காக அக்காதேமியாவுக்கு மாற்றினார்கள். சதுக்கத்தில் இப்போது நிற்பது 1910-ல் வைத்த நகல்.

நகலைப் பார்த்தால் போதாதா என்று கேட்டால், இடத்தைப் புரிந்துகொள்ள நகல் உதவும். குட்டி நகரக் குடியரசு ஒன்று, தன்னைவிடப் பெரிய எதிரிகளுக்கு முன்னால், ராட்சதன் கோலியாத்தை வென்ற இந்த பைபிள் இளைஞனை வாசலில் நிறுத்திய துணிச்சல் அந்தச் சதுக்கத்தில் நின்றால்தான் தெரியும். கல்லைப் புரிந்துகொள்ள அசல்தான் வேண்டும். அசலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: டேவிடை நோக்கி ஓடாதீர்கள். போகும் வழியில் இருபுறமும் ‘கைதிகள்’ என்ற முடிவுறாத சிலைகள் நிற்கின்றன. இரண்டாம் ஜூலியஸ் போப்பாண்டவரின் கல்லறைக்காக மைக்கலாஞ்சலோ தொடங்கியவை. தோளும் தொடையும் பாறையிலிருந்து வெளியே வந்திருக்கும், தலை இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கும். உளித் தடம் அப்படியே தெரியும். ஒரு சிற்பி கல்லுக்குள் எப்படி இறங்கிப் போகிறார் என்பதை டேவிடைவிட இவை தெளிவாகச் சொல்கின்றன. இசையில் ஈடுபாடு உள்ளவர்கள் பக்கத்து அறைகளையும் விட வேண்டாம். பியானோவை உருவாக்கிய பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி மெடிச்சி அவையில் பணிபுரிந்தவர். அந்த அவைக்கென்று ஸ்ட்ராடிவாரி 1690-ல் செய்த டெனர் வியோலா என்ற நரம்பிசைக் கருவி இங்கே இருக்கிறது.

உஃபீஸி, அக்காதேமியா இரண்டையும் சேர்த்தால் பகல் தீர்ந்துவிடும். ஊரைப் பார்க்காமல் கிளம்ப நேரும். இரவு தங்குகிறவர்களுக்கு உஃபீஸி முழுத் தகுதியுடையது. மறுநாள் காலை 8.15-க்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். ஒரு பகல் மட்டும் உள்ளவர்கள் அக்காதேமியாவை மட்டும் எடுத்துக்கொண்டு உஃபீஸியை அடுத்த பயணத்துக்கு வைக்கலாம். அக்காதேமியாவை எப்படிச் சேர்ப்பது என்று பிறகு வருகிறேன்.

குவிமாடத்துக்கு ஒரு நாள்

பொறியியல் படித்தவர்கள், கட்டடத் தொழிலில் இருப்பவர்கள், பதின்வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். உங்கள் நாள் துவோமோவுக்கு.

1296-ல் அர்னோல்ஃபோ டி காம்பியோ தொடங்கிய பேராலயம் இது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்கொண்டே போனார்கள். சுவர் எழுந்தது, மண்டபம் எழுந்தது, எண்கோண அடித்தளமும் எழுந்தது. அதன் மேல் சுமார் 45 மீட்டர் அகலத் திறப்பு வானம் பார்த்துக் கிடந்தது. அதை மூடுவது எப்படி என்று யாருக்கும் தெரியாது. வழக்கப்படி தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பி, அதன் மேல் வளைவைக் கட்டி, காய்ந்தபின் சாரத்தைப் பிரிக்க வேண்டும். இந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் தாங்குகிற சாரம் போடவே இயலாது. 1418-ல் போட்டி அறிவித்தார்கள். பொற்கொல்லராகத் தொழில் கற்ற ஃபிலிப்போ புரூனலெஸ்கி, தரையில் ஊன்றிய சாரமே இல்லாமல் கட்டிக் காட்டுகிறேன் என்றார். 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்தார்.

எப்படி முடித்தார் என்பதை ஏறினால்தான் பார்க்க முடியும். குவிமாடம் ஒன்றல்ல, இரண்டு. உள்ளே தடித்த ஓடு, வெளியே மழையைத் தாங்கும் மெல்லிய ஓடு. மொத்தம் 463 படிகள், அவற்றில் மேற்பகுதிப் படிகள் இந்த இரண்டுக்கும் நடுவிலேயே போகின்றன. அந்தச் சந்தில் நின்று சுவரைப் பாருங்கள். கிடைமட்டச் செங்கல் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு விட்டு நெட்டாக நிறுத்திய செங்கற்கள் சுருளாக மேலேறிப் போகும். மீன்முள் அமைப்பு என்று இத்தாலியர்கள் சொல்வது இதைத்தான். சுவர் உள்நோக்கிச் சாயச் சாய, ஈரச் சாந்தின் மேல் வைத்த செங்கல் வழுக்கி விழும். நெட்டுச் செங்கற்கள் அதை இடையிடையே பூட்டி நிறுத்திவிடுகின்றன. அன்றைய வரிசை வட்டம் முடிந்து இறுகியதும் அதுவே அடுத்த வரிசைக்குத் தாங்குதளமாகிவிடும். இப்படி நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். அவற்றை மேலே தூக்க, எருதுகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பல்சக்கரத்தை மாற்றிச் சுமையை ஏற்றவும் இறக்கவும் செய்கிற இயந்திரம் ஒன்றையும் அவரே வடிவமைத்தார். எருதுகளை ஒவ்வொரு முறையும் அவிழ்த்துத் திருப்பிக் கட்டும் நேரம் மிச்சமானது.

ஏறும் வழியில் குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றியுள்ள மேடைக்கு வருவீர்கள். வசாரி 1572-ல் தொடங்கி, அவர் இறந்தபின் ஃபெதெரிகோ சுக்காரி 1579-ல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியம் தலைக்கு மேல் விரியும். கீழே நின்று பார்த்தால் சிறியதாகத் தெரிகிற பேய்கள் இங்கே ஆளைவிடப் பெரியவை. ஓவியமாக அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கட்டடத்தின் அளவு உறைப்பது அங்கேதான். உச்சிக்குப் போனால் செவ்வோட்டுக் கூரைகள், ஆர்னோ ஆறு, சுற்றிலும் மலைகள்.

லிஃப்ட் கிடையாது. வழி குறுகலானது, சில இடங்களில் எதிரே வருகிறவருக்காக ஒதுங்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி, இதய நோய், அடைந்த இடம் என்றால் பயம் உள்ளவர்கள் ஏற வேண்டாம். பாதியில் திரும்புவது சிரமம். பக்கத்திலுள்ள ஜியோட்டோவின் மணிக்கூண்டுக்கு 414 படிகள். அங்கிருந்து குவிமாடத்தையே எதிரில் பார்க்கலாம் என்பது அதன் லாபம். இரண்டிலும் ஏற வேண்டாம். குவிமாடம் ஏறுவதற்கு நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். சீசனில் பல நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

ஏற முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. பேராலயத்தின் பின்புறம் இருக்கிற ஓபெரா அருங்காட்சியகத்தை இந்த ஊரின் மிகக் குறைவாக மதிக்கப்பட்ட இடம் என்று சொல்வேன். ஞானஸ்நான மண்டபத்துக்காகச் சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த ‘சொர்க்க வாயில்’ கதவுகளின் அசல் இங்கேதான். வெளியே மண்டபத்தில் மாட்டியிருப்பது நகல், அதன் முன்னால்தான் கூட்டம் நிற்கும். 1966 நவம்பர் 4-ம் தேதி வெள்ளத்தில் அந்தக் கதவுகளிலிருந்து சில தகடுகள் பிய்ந்து விழுந்தன. பல்லாண்டு காலச் சீரமைப்புக்குப் பின் இப்போது கண்ணாடிக்குள் பொன்னாக ஒளிர்கின்றன. டொனடெல்லோ மரத்தில் செதுக்கிய மரிய மதலேனா, கிழிசல் முடியும் குழி விழுந்த கண்ணுமாக நிற்பார். தன் கல்லறைக்கென்று மைக்கலாஞ்சலோ முதுமையில் செதுக்கத் தொடங்கி, தானே சுத்தியலால் அடித்து உடைத்த பியெத்தா சிற்பமும் இங்கே இருக்கிறது. இயேசுவின் உடலைப் பின்னிருந்து தாங்கும் முதியவரின் முகம் மைக்கலாஞ்சலோவின் முகம். லிஃப்ட் உண்டு, இருக்கைகள் உண்டு, கூட்டம் குறைவு. பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இரண்டு மணி நேரம் ஃப்ளோரன்ஸில் கிடைக்காது.

சுவர்களைத் தேடி

இப்போது என் தேர்வுக்கு வருகிறேன்.

ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைவது ஃப்ளோரன்ஸ் ஓவியர்களின் முதல் தொழில். அன்றன்று வரைய முடிகிற அளவுக்கு மட்டும் பூச்சைப் பூசி, அது காய்வதற்குள் வண்ணத்தை வைத்துவிட வேண்டும். காய்ந்தபின் வண்ணமும் சுவரும் ஒன்று. திருத்தம் செய்ய வேண்டுமானால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஆகவே ஓவியர் முன்கூட்டியே அந்த இடத்தை அறிந்திருக்க வேண்டும்: ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து விழும், பார்க்கிறவர் எங்கே நிற்பார், எவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பார். இடத்தையும் சேர்த்து வரைந்த ஓவியங்கள் இவை. அருங்காட்சியகத்தில் இது கிடைக்காது.

ரயிலிலிருந்து இறங்கியதும் லக்கேஜை ஸ்டேஷனிலேயே வைத்துவிடுங்கள். வெளியே வந்தால் எதிரிலேயே தெரிவது சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். ஆயிரக்கணக்கானோர் தினமும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே துவோமோவை நோக்கி விரைகிறார்கள். நீங்கள் உள்ளே போங்கள். இடப்பக்கச் சுவரில் மசாச்சோ 1427-ஐ ஒட்டி வரைந்த ‘திரித்துவம்’ இருக்கிறது. சிலுவைக்குப் பின்னால் சுவரைக் குடைந்து ஒரு மண்டபம் போவதைப் போலிருக்கும். சுவர் தட்டைதான். கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளியை நின்று பார்க்கிறவரின் கண் மட்டத்தில் வைத்திருக்கிறார். நேர் எதிரே சரியான தூரத்தில் நில்லுங்கள், மண்டபம் திறக்கும். இரண்டு அடி பக்கவாட்டில் நகருங்கள், மூடிக்கொள்ளும். கீழே ஓர் எலும்புக்கூடு படுத்திருக்கிறது. ‘நீ இருப்பது போல் நானும் இருந்தேன், நான் இருப்பது போல் நீயும் ஆவாய்’ என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. இதை வரைந்து ஓரிரு ஆண்டுக்குள் மசாச்சோ ரோமில் இறந்துபோனார். வயது முப்பதைத் தொடவில்லை. பிற்காலத்தில் இந்த ஓவியத்துக்கு முன்னால் வசாரி ஒரு பலிபீடத்தை எழுப்ப, அதன் பின்னால் சுமார் முந்நூறு ஆண்டுகள் மறைந்து கிடந்து, 19-ம் நூற்றாண்டில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

அங்கிருந்து கால் மணி நேர நடையில் சான் மார்க்கோ மடம். மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடும் என்பதால் முற்பகலிலேயே போய்விட வேண்டும். ஃப்ளோரன்ஸில் ஒரே ஓர் இடம் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் சொல்லும் பெயர் இது. மூத்த கோசிமோ டி மெடிச்சி (உஃபீஸியைத் தொடங்கிய முதலாம் கோசிமோவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தையவர்) பணம் கொடுக்க, மிக்கெலோட்சோ திருத்திக் கட்டிய தொமினிக்கன் மடம். அதே மடத்துத் துறவியான ஃப்ரா ஆஞ்சலிக்கோவும் அவரது உதவியாளர்களும் 1440-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாடியிலுள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகளில், அறைக்கு ஒன்றாகச் சுவரோவியம் வரைந்தார்கள். படியேறும்போதே தேவதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் பெரிய ஓவியம் எதிரே வரும். படிக்கட்டின் திருப்பத்தில் தலையை உயர்த்தினால் முழுதாகத் தெரிவதற்கென்றே அந்த இடம்.

அறைகளில் மேசை இல்லை, கட்டில் இல்லை. ஒரு சிறு ஜன்னல், பக்கத்தில் ஓர் ஓவியம். அந்த அறையில் வாழ்நாளெல்லாம் இருக்கப்போகும் ஒரு துறவிக்காக மட்டும் வரைந்தது. அதனால் தங்கம் இல்லை, ஆடம்பர நீலம் இல்லை, கூட்டம் இல்லை. ஏழாவது அறையில் கண் கட்டப்பட்ட இயேசு. அவரை அடிக்கும் கைகளும் துப்பும் ஒரு தலையும் மட்டும் அந்தரத்தில் மிதக்கின்றன, அவற்றுக்கு உடல் கிடையாது. துன்புறுத்தியவர்களின் முகத்தைத் துறவி நினைக்க வேண்டாம், துன்பத்தை மட்டும் நினைத்தால் போதும் என்று நினைத்திருப்பார் போலும். வாசலில் நின்று எட்டிப் பார்த்து நகர்ந்துவிடாமல், யாரும் இல்லாத அறை ஒன்றின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உஃபீஸியின் நூறு ஓவியங்களை விட்டுவிட்டு வந்ததற்கு அந்த ஐந்து நிமிடம் ஈடாகும். கோடியில் சவொனரோலாவின் அறைகள். மெடிச்சிகளை எதிர்த்து முழங்கி, ஊரையே சில ஆண்டுகள் ஆட்டிவைத்து, 1498 மே 23-ல் சின்யோரியா சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்ட துறவி அவர். அதே மடத்தில் கோசிமோ தான் ஒதுங்கித் தியானிக்க வைத்துக்கொண்ட அறையும் இருக்கிறது.

அக்காதேமியா இங்கிருந்து இரண்டு மூன்று நிமிட நடை. டேவிடை விட மனமில்லாதவர்கள் அதற்கு மதியம் பன்னிரண்டரையை ஒட்டி முன்பதிவு செய்துகொள்ளலாம். சுவர்களின் நாளுக்கு இடைஞ்சல் இல்லாமல் பொருந்தும் பெரிய பெயர் அது ஒன்றுதான்.

சாப்பிட்டுவிட்டு, துவோமோவை வெளியிலிருந்து ஒரு சுற்று, சின்யோரியா சதுக்கம், 1345-ல் கட்டிய பொன்டே வெக்கியோ பாலம் என்று தெற்கே நடந்து ஆற்றைக் கடந்து செல்லுங்கள். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரின் மற்ற எல்லாப் பாலங்களையும் தகர்த்து இதை மட்டும் விட்டது. மறுகரையில் கார்மினே தேவாலயத்துக்குள் பிரான்காச்சி சிற்றாலயம். மசாச்சோவும் மசோலினோவும் 1420-களில் வரைந்து பாதியில் விட்டதை, 1480-களில் ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார். ஏதேனிலிருந்து விரட்டப்படும் ஆதாமும் ஏவாளும் இங்கே. ஆதாம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறான், ஏவாள் வாய் திறந்து அலறுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் ‘வரிக்காசு’ ஓவியம். அதில் எல்லா உருவங்களின் நிழலும் இடப்பக்கம் விழுகின்றன. சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது. அந்த ஜன்னல் வெளிச்சம் உள்ளே வந்து அப்போஸ்தலர்கள் மேல் படுவது போலவே மசாச்சோ வரைந்திருக்கிறார். இளவயது மைக்கலாஞ்சலோ இங்கே வந்து இந்த உருவங்களைப் பார்த்து வரைந்து பழகினார். 1771-ல் தேவாலயம் தீப்பிடித்தபோது இந்தச் சிற்றாலயம் தப்பியது. ஒரு நேரத்தில் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள், குறித்த நிமிடங்களுக்கு மட்டும். முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று வருகிறவர்கள் இதற்குப் பதில் ஆற்றின் இக்கரையிலுள்ள சாந்தா குரோச்சேவுக்குப் போகலாம். ஜியோட்டோவின் சுவர்களும் மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. 1966 வெள்ளத்தில் பாதிக்கு மேல் வண்ணம் போன சிமாபுவேயின் சிலுவையையும் பார்க்கலாம்.

மாலையில் சான் மினியாதோ. 1018-ல் கட்டத் தொடங்கிய, வெள்ளையும் பச்சையும் கலந்த பளிங்கு முகப்புள்ள மலைமேல் தேவாலயம். கீழேயுள்ள மைக்கலாஞ்சலோ சதுக்கத்தில் சுற்றுலாப் பேருந்துகளும் செல்ஃபிகளும் நிறைந்திருக்கும். இன்னும் ஐந்து நிமிடம் மேலே ஏறினால் கூட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிடும், காட்சி அதே காட்சி. துறவிகள் மாலை வழிபாட்டில் கிரெகோரிய இசை பாடும் நேரம் அமைந்தால் உட்கார்ந்து கேளுங்கள். இறங்குவதற்கு 12, 13-ம் எண் பேருந்துகள் உண்டு.

யாருக்கு எது

திங்கட்கிழமை வந்தால் தேர்வு தானே முடிந்துவிடும். உஃபீஸி, அக்காதேமியா, சான் மார்க்கோ மூன்றும் அன்று மூடியிருக்கும். துவோமோவுக்கான திட்டத்தை எடுத்துக்கொண்டு, பிற்பகலில் பிரான்காச்சியைச் சேருங்கள். ஞாயிறு என்றால் தேவாலயங்கள் முற்பகலில் வழிபாட்டுக்கு மட்டும். துவோமோவின் உட்புறம் பார்வையாளர்களுக்கு அன்று கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம் என்று கேட்டு ஆசைப்படாதீர்கள். ஒரு பகல் மட்டும் உள்ளவர் அந்த வரிசையில் நின்றால் மிச்சமாகும் பணத்தைவிட இழக்கும் நேரம் பெரிது.

சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு என் சுவர் நாளைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையைச் சிற்றறையின் முன்னால் அமைதியாக நிற்கச் சொல்வது பிள்ளைக்கும் நல்லதில்லை, அடுத்தவருக்கும் நல்லதில்லை. டேவிட், துவோமோ சதுக்கம், பொன்டே வெக்கியோ, ஜெலாட்டோ, அவ்வளவே போதும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

குழுப் பயணத்தில் வருகிறவர்களுக்குத் தேர்வே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சதுக்கங்களைச் சுற்றிக்காட்டிவிட்டு இரண்டு மணி நேரம் ‘ஃப்ரீ டைம்’ தருவார்கள். அதைத் தோல் பை கடைகளில் செலவழிக்காமல் ஓபெரா அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். சதுக்கத்திலேயே இருப்பதால் திரும்பி வந்து சேர்வதும் எளிது.

அதே பகலில் பீசாவின் சாய்ந்த கோபுரத்தையும் சேர்க்கலாமா என்பார்கள். ரயிலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வேண்டாம். மாடித்தளப் பேருந்து டிக்கெட்டும் வேண்டாம். பழைய ஊரின் தெருக்களுக்குள் அது நுழைய முடியாது, ஊரோ நடக்கிற அளவுதான். கார் வாடகைக்கு எடுத்து வருகிறவர்கள் மையப்பகுதிக்குள் ஓட்டிப் போனால் கேமரா பதிவு செய்துவிடும், அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேராக உள்ளே போகிற வில்லா கோஸ்தான்சா நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு டிராமில் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம்.

சைவர்களுக்கு இங்கே சிரமமில்லை. ரொட்டி, பயறு, கருங்கீரை சேர்த்துக் கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தா, தக்காளியும் ரொட்டியும் குழைத்த பாப்பா அல் பொமோதோரோ இரண்டும் ஊரின் பழைய ஏழை வீட்டுச் சாப்பாடு. ரிபொல்லீத்தாவில் பன்றி இறைச்சி போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சான் மார்க்கோவிலிருந்து மெர்காத்தோ சென்ட்ராலே சந்தை பக்கம்தான்.

இரண்டாவது நாள் அமைகிறவர்களுக்கு உஃபீஸியோடு இன்னொன்றும் சொல்வேன். ஊரின் மேற்கே கஷீனே பூங்காவின் கோடியில், ஆர்னோவோடு முன்யோனே ஓடை கலக்கும் இடத்தில் ஓர் இந்திய மண்டபம் நிற்கிறது. இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870-ல் ஃப்ளோரன்ஸில் இறந்துபோன கோலாப்பூர் அரசர் ராஜாராமின் நினைவிடம். அப்போது அவருக்கு இருபது வயது. உடனிருந்தவர்கள் இரண்டு நீரோட்டங்கள் கூடுமிடத்தைத் தேடிப் பிடித்து, நம் முறைப்படி ஆற்றங்கரையிலேயே தகனம் செய்தார்கள். 1874-ல் மண்டபம் எழுந்தது. பக்கத்தில் பிறகு கட்டிய பெரிய பாலத்துக்கும் இந்தியரின் பாலம் என்றே பெயர். மையத்திலிருந்து தூரம் என்பதால் ஒரு பகலில் இதைச் சேர்க்க முடியாது. தங்குகிறவர்கள் பூங்கா வரை டிராமில் போய், மரநிழலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.